புதிய பாட்டுக்கு நடுவர் யார்?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், கடலும் நீரேரியும் கூடுமிடத்தில் அமைந்த ஊர் தொண்டைமானாறு. செல்வச்சந்நிதி முருகன் ஆலயத்தாற் பெயர்பெற்ற இவ்வூருக்கு வடக்கே பாக்குநீரிணை. அதற்கப்பால் தமிழ்நாட்டுக் கரை. தோணிகள் கடந்த அந்நீரை ஒரு காலத்திற் பாட்டுக்களும் கடந்தன. தமிழகத்திற் பதிவான திரைப்பாடல் இசைத்தட்டாகக் கொழும்பை அடைந்து, இலங்கை வானொலியின் வழியே இக்கரையிலும் அக்கரையிலும் ஒருங்கே ஒலித்தது. அவ்வாறு வரும் புதிய பாட்டு நிலைக்குமா, நிலையாதா என்று தீர்ப்பளிக்க உரியவர் யார்? இவ்வினாவுக்கு ஒலிபரப்புலகம் இரு விடைகளைக் கண்டது.

முதல் விடை இலண்டனிலிருந்து வந்தது. பி.பி.சி. தொலைக்காட்சி 1959ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் ‘ஜூக் பாக்ஸ் ஜூரி’ என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கியது. ஜூக் பாக்ஸ் என்பது காசிட்டால் இசைத்தட்டைச் சுழற்றும் பெட்டி; ஜூரி என்பது நீதிமன்றத்து யூரர் குழு. அமெரிக்காவில் முன்பே நடந்த நிகழ்ச்சியொன்றைத் தழுவியது இது. டேவிட் ஜேக்கப்ஸ் தலைமை தாங்க, புகழ்பெற்றோர் நால்வர் புதிய இசைத்தட்டுக்களைக் கேட்டு, வெற்றியா தோல்வியா என வாக்களிப்பர். வெற்றிக்கு மணி ஒலிக்கும். தோல்விக்கு ஊதுகுழல் அலறும். சில வேளைகளில் அப்பாடகரே திரைக்குப் பின் மறைந்திருந்து, தீர்ப்பின் பின்னர் வெளியே வருவார். கடுமொழி கூறியவர் முகம் அப்பொழுது எப்படியிருக்கும் என்பதைக் காண்பதே பலருக்கு வேடிக்கை. 1963 டிசம்பர் 7ஆம் நாள் பீட்டில்ஸ் குழுவினர் நால்வரே நடுவராய் அமர்ந்தனர்.

இம்முறையிலே ஒரு குறையுண்டு. பாட்டை ஒருமுறை கேட்டவுடன் கூறுந் தீர்ப்பு, பாட்டின் தரத்தைவிடக் கூறுபவரின் புகழையே பெரிதும் காட்டும். நால்வரும் இருவர் இருவராய்ப் பிரிந்தால் மட்டுமே, அவையிலிருந்த பொதுமக்கள் மூவர் முடிவுக்கு அழைக்கப்பட்டனர். புகழுடையோர் முரண்பட்டபோதே சாதாரண இரசிகனுக்கு இடங் கிடைத்தது என்க. 1967 டிசம்பரில் முடிவுற்ற அந்நிகழ்ச்சி, பின்னர் இருமுறை சிறிது காலம் மீண்டும் வந்து மறைந்தது.

இரண்டாம் விடை கொழும்பிலிருந்து எழுந்தது. இலங்கையிற் தொலைக்காட்சி 1979 ஏப்ரலிலேயே தொடங்கியது. அதுவரை இங்கே பாட்டின் மன்றம் வானொலியே. 1952இல் இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, கோடிக்கணக்கான செவிகள் இலங்கை வானொலியின் வர்த்தக சேவையை நாடின. அவ்வாண்டு டிசம்பரில், பற்பசை நிறுவனமொன்றின் ஆதரவில் ‘பினாக்கா கீத்மாலா’ என்னும் ஹிந்தி நிகழ்ச்சி தொடங்கியது. அமீன் சயானி பம்பாயிற் பதிவு செய்ய, கொழும்பு ஒலிபரப்பியது. பின்னர் அது வாரந்தோறும் பாடல்களைத் தரவரிசைப்படுத்தலாயிற்று.

வரிசைக்கு முதலில் இசைத்தட்டு விற்பனையே அளவுகோல். ஆனால் பெரிதும் விரும்பப்பட்ட தட்டுக் கடைகளில் தீர்ந்துவிட்டால், அதன் விற்பனைக் கணக்கு வீழ்ந்துவிடும்! விருப்பம் மிகுந்ததாலேயே பாட்டுத் தோற்றதுபோலத் தோன்றும். இக்குறை நீக்க, ஊர்தோறும் அமைந்த நேயர் மன்றங்களின் வாக்குகளும் சேர்க்கப்பட்டன. தட்டு வாங்க வசதியற்றவனுக்கும் இதனால் ஒரு குரல் பிறந்தது.

தமிழ் ஒலிபரப்பிலும் நேயரின் குரலுக்கு இடமிருந்தது. எஸ். பி. மயில்வாகனன் முதலான அறிவிப்பாளர்களின் குரல் இருகரையிலும் பழகிய குரலாயிற்று. விரும்பிய பாட்டை ஓர் அஞ்சலட்டையில் எழுதியனுப்பிய சிற்றூரார், தம் பெயரும் ஊர்ப்பெயரும் ஒலிபரப்பாகும் நேரத்திற்காகக் காத்திருந்தனர். பாட்டைப் பலமுறை கேட்டு, விரும்பி, முத்திரைக்குக் காசும் செலவிட்டு எழுதிய அவ்வட்டை, ஊதுகுழலினும் நிதானமான தீர்ப்பன்றோ?

இன்று கைத்தொலைபேசியில் ஒரு பாட்டை இத்தனை இலட்சம் பேர் கேட்டனர் என்று எண் காட்டப்படுகிறது. அவ்வெண்ணும் பழைய விற்பனைக் கணக்கைப் போன்றதே. கேட்டவர் மனம் அதிற் புலப்படாது. புகழுடையோர் சொல்லையும் எண்ணின் பெருக்கத்தையும் கேட்கலாம். ஆனால் பாட்டைப் பன்முறை கேட்டுத் தெளிந்த செவியிடமே இறுதித் தீர்ப்பை விடுதல் வேண்டும். அவ்வுரிமை தொண்டைமானாற்றுக் கடற்கரையில் வாழும் நேயருக்கும் உண்டு; இலண்டன் மேடையில் அமர்ந்தவருக்கு அதனினும் மிகுதியாக இல்லை.