உஷார் பெற்றோரே! ஜிபிஏவுக்காகப் பிள்ளையின் தூக்கத்தை அடகு வைக்காதீர்கள்

"நல்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்" என்று தேடித் தேடி அமெரிக்காவில் வீடு வாங்கிய நம்மவர்களுக்கு இது அவசரச் சேதி. கூப்பர்டினோவோ ஃப்ரிஸ்கோவோ பிளெயின்ஸ்பரோவோ, ஊர் எதுவானாலும் சரி. ஒன்பதாம் வகுப்புப் போகும் பிள்ளையை இன்னும் எந்த டியூஷனில் சேர்க்கலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

2015-இல் நியூஜெர்சியின் வெஸ்ட் விண்ட்சர்-பிளெயின்ஸ்பரோ பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளர் டேவிட் ஆடர்ஹோல்ட், பெற்றோருக்கு 16 பக்கக் கடிதம் எழுதினார். முந்தைய கல்வியாண்டில் மட்டும் 120 மாணவர்களை மனநலப் பரிசோதனைக்குப் பரிந்துரைக்க வேண்டியிருந்தது, 40 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் என்று அதில் இருந்தது. வசதியான வீடுகள் நிறைந்த மாவட்டம் அது. மாணவர்களில் பாதிக்கு மேல் ஆசிய வம்சாவளி. உயர்நிலைப் பள்ளியின் பெரிய பரீட்சைகளை அவர் நீக்கினார். வீட்டுப்பாடமே இல்லாத இரவுகளைக் கொண்டுவந்தார். பாடத்தின் தரம் போச்சு என்று கொடி பிடித்தவர்களில் ஆசியப் பெற்றோரே அதிகம். அந்த 40 என்ற எண்ணைப் படித்த பிறகும் தரத்தைப் பற்றிப் பேச எப்படி மனம் வந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இன்னும் கொடுமை. 2009-10இலும் 2014-15இலும் அடுத்தடுத்து மாணவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 2016-இல் நாட்டின் நோய்த்தடுப்பு மையமே ஆய்வுக்கு வந்தது. தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் 2019 அறிக்கை, போட்டி மிகுந்த 'டாப்' பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளையும் ஆபத்தில் இருப்பவர்கள் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

இந்தப் போட்டியை வளர்ப்பதில் டியூஷனுக்குப் பெரிய பங்கு உண்டு. டியூஷன் போகும் பிள்ளைகள் கோடை விடுமுறையிலேயே ஜியாமெட்ரியையும் கெமிஸ்ட்ரியையும் முடித்துவிட்டு வருகிறார்கள். வகுப்பில் பாதிப் பேருக்குப் பாடம் தெரிந்திருப்பதால் ஆசிரியர் வேகமாக ஓட்டுகிறார். ஸ்கூலை மட்டும் நம்பி வந்த பிள்ளை முதல் டெஸ்டிலேயே 'சி' வாங்குகிறது. அடுத்த கோடையில் அந்த வீட்டாரும் சென்டர் வாசலில் நிற்கிறார்கள். கட்டணமில்லாத அரசுப் பள்ளிக்கு நாமே இப்படி ஒரு கட்டணம் வைத்துவிட்டோம்.

மாலை ஆறு மணிக்கு எந்த மேத்ஸ் சென்டரின் பார்க்கிங்கிலும் பாருங்கள். காரின் பின்சீட்டில் மடியில் டப்பா, ஒரு கையில் ஸ்பூன், மறு கையில் வொர்க்ஷீட். அடுத்தது டிபேட் வகுப்பு. வீடு வந்து சேர ஒன்பது. ஸ்கூல் ஹோம்வொர்க் அதற்குப் பிறகுதான் ஆரம்பம். ஒரு மணிக்கும் அறையில் லைட் எரிகிறது என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம்! பதின்வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். அதற்காகவே உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று கலிஃபோர்னியா சட்டம் போட்டது. 2022 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சட்டம் கொடுத்த தூக்கத்தை நாம் பிடுங்கிக்கொள்கிறோம்.

விழித்திருக்க மாத்திரை தேடும் பிள்ளைகளும் உண்டு. அடெரால் என்ற பெயரில் ஆன்லைனில் விற்கும் போலி மாத்திரைகளில் உயிரைக் குடிக்கும் ஃபென்டனில் கலந்திருக்கலாம். ஒரு மாத்திரையே ஆளைக் கொல்லும்.

இத்தனையும் எதற்கு? பட்டமளிப்பு மேடையில் முதல் மாணவராகப் பேசும் 'வேலடிக்டோரியன்' பட்டத்துக்கா? வட கரோலினாவின் வேக் கவுன்டியும் ஒஹையோவின் மேசன் பள்ளியும் 2019 வாக்கில் அதையே எடுத்துவிட்டன. குறிப்பிட்ட ஜிபிஏவைத் தொட்ட அனைவருக்கும் இப்போது கௌரவம் உண்டு. சரி, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் 'யூசி' கல்லூரிகளுக்கா? அவர்கள் ஜிபிஏ கணக்கில் ஒன்பதாம் வகுப்பு கிரேடைச் சேர்ப்பதில்லை. ஏபி, ஆனர்ஸ் பாடங்களுக்கான கூடுதல் புள்ளிக்கும் எட்டு செமஸ்டர் என்று வரம்பு வைத்து ஒரு ஜிபிஏ கணக்கிடுகிறார்கள். சேர்க்கைக்கு எஸ்ஏடி மதிப்பெண்ணைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார்கள். யூசி மட்டுமே போதும் என்பவர்கள் எஸ்ஏடி கோச்சிங்குக்குக் கட்டும் பணம் வீண்.

டெக்சாஸ் கதை வேறு, ஒப்புக்கொள்கிறேன். அங்கே வகுப்பு ரேங்க்தான் அரசுப் பல்கலைக்கழகக் கதவைத் திறக்கிறது. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் 2026-இலிருந்து வகுப்பின் முதல் 5 சதவீதத்தினருக்கு மட்டுமே தானியங்கி அனுமதி என்று இறுக்கியிருக்கிறது. அப்படி உள்ளே போனாலும் கேட்ட மேஜர் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. ஆறாவது சதவீதத்தில் நிற்கிற பிள்ளைக்கு டெக்சாஸ் ஏ அண்ட் எம் இருக்கிறது. அதைத் தோல்வி என்று வீட்டில் பேசாதீர்கள்.

பிள்ளை சாப்பாட்டைத் தள்ளுகிறதா, நண்பர்களை விட்டு ஒதுங்குகிறதா, தனக்குப் பிடித்த பொருள்களை எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கிறதா, "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்கிறதா? "நாலு பேருக்குத் தெரிந்தால்" என்று மறைக்காதீர்கள். அன்றைக்கே பள்ளி கவுன்சலரிடமோ மருத்துவரிடமோ போங்கள். பாரம் அதிகமாக இருந்தால் ஒரு ஏபி பாடத்தை விட்டுவிடலாம். செமஸ்டரின் தொடக்க வாரங்களில் பெரும்பாலான பள்ளிகள் அதை அனுமதிக்கின்றன.

தற்கொலைத் தடுப்புக்கும் மன நெருக்கடிக்குமான உதவி எண் 988-ஐ உங்கள் ஃபோனிலும் பிள்ளையின் ஃபோனிலும் இப்போதே சேமியுங்கள். அமெரிக்கா முழுவதும் 24 மணி நேரமும் கூப்பிடலாம், மெசேஜும் அனுப்பலாம், கட்டணம் கிடையாது.