மென்னமிலமும் இருபடிச் சமன்பாடும்: ஓர் அண்ணளவாக்கத்தின் எல்லை

மென்னமிலக் கரைசலொன்றின் பீ.எச். பெறுமானத்தைக் கணிக்கும் முறை பாடநூல்களிற் பெரும்பாலும் ஒரு சலுகையோடு தொடங்குகின்றது. அயனாகும் பகுதி மிகச் சிறிது, ஆதலின் எஞ்சும் அமிலத்தைத் தொடக்கச் செறிவுக்குச் சமமெனக் கொள்ளலாம் என்பதே அச்சலுகை. அது வழங்கப்பட்ட நிபந்தனையை மறந்து, சலுகையையே விதியாகக் கொள்ளுமிடத்து நேர்வது யாது என்பதை இங்கு நோக்குவோம்.

மின்பகு பொருள்கள் நீரில் அயன்களாகப் பிரிகின்றன என்னும் கொள்கையை 1880களில் அரேனியசு முன்வைத்தார். அதனைச் சமநிலை விதியோடு இணைத்து 1888இல் ஒசுவால்ட் ஐதாக்கல் விதியை வகுத்தார். பீ.எச். அளவீடு 1909இல் சோரன்சனால் அறிமுகஞ் செய்யப்பட்டது. அமிலத்தின் தொடக்கச் செறிவை 'ச' எனவும், பிரிகை மாறிலியை 'ம' எனவும், ஐதரசன் அயன் செறிவை 'அ' எனவும் குறிப்போமாயின், ஒசுவால்டின் விதி பின்வரும் இருபடிச் சமன்பாடாக அமையும்:

அ² + (ம × அ) − (ம × ச) = 0

இதன் தீர்வு:

அ = [−ம + √(ம² + 4 × ம × ச)] ÷ 2

மற்றைய மூலம் எப்போதும் மறைப் பெறுமானமுடையது. செறிவு மறையாக இருத்தல் இயலாதாகையால் அதனை நீக்குகின்றோம். கணிதம் தருவன அனைத்தையும் பொருளுலகம் ஏற்பதில்லை.

அசற்றிக்கமிலத்தை எடுத்துக்கொள்வோம். 25 பாகை செல்சியசில் அதன் மாறிலி ஏறத்தாழ 1.8 × 10⁻⁵ ஆகும். இலீற்றருக்கு 0.1 மூல் கொண்ட கரைசலில் அண்ணளவு முறை தரும் பீ.எச். 2.87, இருபடி முறை தருவது 2.88. இங்கு சலுகை நியாயமானதே. செறிவை 0.0001 மூலாகக் குறைப்பின், அண்ணளவு முறை அமிலத்தில் 42 சதவீதம் பிரிந்ததாகக் கூறும். உண்மையிற் பிரிவது 34 சதவீதமே. 0.00001 மூலில் முரண்பாடு வெளிப்படுகின்றது. அண்ணளவு முறையின்படி ஐதரசன் அயன் செறிவு 1.34 × 10⁻⁵. அதாவது, கரைசலில் இட்ட அமிலத்திலும் கூடுதலான அமிலம் பிரிந்துள்ளது! இருபடி முறையோ 72 சதவீதம் என்கின்றது.

இத்தவறு தன்னைத் தானே காட்டிக்கொள்வதில்லை என்பது கவனத்திற்குரியது. பிழையான முறை தரும் பீ.எச். 4.87, சரியானது 5.15. விடையை மாத்திரம் நோக்குபவர்க்கு முன்னையது எவ்வித ஐயத்தையும் எழுப்பாது. ஆயினும், இட்ட அமிலம் முழுவதும் பிரிந்தாற்கூட பீ.எச். 5.00இலும் குறைதல் இயலாது என்பதைச் சிந்திப்பவர் பிழையை உடனே உணர்வர்.

மாறிலி மாறவில்லை, அமிலமும் மாறவில்லை, செறிவு மாத்திரமே மாறியது. 'மென்மை' என்னும் பெயர் மாறிலியைச் சுட்டுகின்றதேயன்றி, எவ்வளவு பிரியும் என்பதை முடிவுசெய்வதில்லை. அதனை மாறிலிக்கும் செறிவுக்குமிடையிலான தொடர்பே நிர்ணயிக்கின்றது. பெயரைக் கொண்டு பொருளின் நடத்தையை ஊகிப்பதே தவறின் ஊற்றுக்கண்.

இருபடிச் சூத்திரமும் இறுதி வாக்கன்று. செறிவு 10⁻⁷ மூலை அணுகும்போது நீர் தரும் அயன்களையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும், சமன்பாடு முப்படியாகிவிடும். ஆகவே, மாணவர்க்கு நாம் கற்பிக்க வேண்டியது சூத்திரத்தை மாத்திரமன்று. ஒவ்வொரு சூத்திரமும் எதனைப் புறக்கணித்துப் பிறந்தது என்று வினவும் பழக்கத்தையுமாகும். அவ்வினா இல்லாதவிடத்து விஞ்ஞானக் கல்வி வெறும் மனனமாகவே எஞ்சும்.