எந்த அடுப்பு, எந்தக் குசினி?

தீபாவளிக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது சுங்கைப்பட்டாணி மின்சாதனக் கடைகளில் ஒரே உரையாடல்தான் திரும்பத் திரும்பக் கேட்கும். "கேஸா, இண்டக்‌ஷனா ஆண்டி? ரெண்டுமே ஆஃபர்தான்." ஆண்டி வரிசையாக மின்னும் அடுப்புகளைப் பார்ப்பார், மகளைப் பார்ப்பார், விலைச்சீட்டைப் பார்ப்பார். "எது துடைக்க லேசு?" என்று கேட்பார். அடுப்பு பீடோங்கில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேரும். ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும், வீட்டில் இருக்கும் பாதிச் சட்டிகள் அதில் சூடேறவே மாட்டா என்று.

துடைப்பது முக்கியமில்லை என்று சொல்ல மாட்டேன். துடைப்பவர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அடுப்பு, நாளுக்கு இரண்டு மணி நேரமாவது ஒருவருடைய மூக்குக்குக் கீழே எரிகிற பொருள். அதைத் தேர்ந்தெடுக்கும்போது நுரையீரலையும் தோலையும் முதுகையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

லயத்து வீட்டுப் புகை

பீடோங்கைச் சுற்றியிருந்த எந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவராக இருந்தாலும், ஐம்பதைத் தாண்டியவருக்கு ரப்பர் கட்டைப் புகையின் வாசம் மறந்திருக்காது. பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, முன்னால் சோறு வடித்தாக வேண்டும். விடிவதற்கு வெகு நேரம் முன்பே அம்மாக்கள் ஊதாங்குழலோடு உட்கார்ந்துவிடுவார்கள். மழைக்காலத்தில் கட்டை நனைந்திருக்கும், தீயைவிடப் புகைதான் அதிகம் வரும். குசினிச் சுவரில் கரி, கூரைத் தகரத்தில் கரி. அதே கரி நெஞ்சிலும் படிந்தது. அதை "பனி இருமல்" என்று சொல்லி, மிளகுக் கஷாயம் குடித்துக் கடந்துபோனோம்.

ஊதி ஊதித் தீ வளர்ப்பது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. பீடோங்குக்குப் பக்கத்தில் சுங்கை பாத்துவில் தோண்டி எடுக்கப்பட்ட பழங்கால இரும்பு உருக்கும் உலைகளோடு, காற்று ஊதும் மண்குழல்கள் குவியல் குவியலாகக் கிடைத்தன. அந்த உலைகள் எப்படிப்பட்ட இடத்தில் எரிந்தனவோ தெரியாது. நம் அடுப்பு எரிந்ததோ தாழ்ந்த தகரத்துக்குக் கீழே.

விறகு, கரி, சாணம் போன்றவற்றால் வீட்டுக்குள் எழும் காற்று மாசினால் 2020இல் மட்டும் உலகெங்கும் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. வீட்டுக்குள் எரிக்கும் விறகின் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவையாகக் கருத வலுவான காரணம் உள்ளவற்றின் பட்டியலில் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்திருக்கிறது. வாழ்நாளில் ஒரு சுருட்டைக்கூடத் தொடாத பெண்களுக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வருவதற்கு இந்தப் புகை ஒரு முக்கியக் காரணம்.

இதை இன்று எழுதக் காரணம் இருக்கிறது. அந்த அம்மாக்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. தாமான் வீட்டில் கேஸ் அடுப்பு வந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருக்கலாம். படியேறினால் மூச்சு வாங்குவதை வயதின் கணக்கில் எழுதிவிடுகிறோம். கிளினிக்கில் மருத்துவர் "புகை பிடிப்பீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்பதோடு நிறுத்தாதீர்கள். "இருபது வருஷம் விறகடுப்பில் சமைத்தேன்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குழாயில் ஊதிப் பார்க்கும் ஓர் எளிய சோதனையில் நுரையீரலின் நிலை தெரிந்துவிடும்.

கேஸ் அடுப்பு: பாதி நல்ல செய்தி

விறகை விட்டுக் கேஸுக்கு மாறினால் புகை குறையும் என்பதில் சந்தேகமில்லை. தமிழ்நாட்டின் நாகப்பட்டினம், விழுப்புரம் மாவட்டங்களையும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளையும் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். சுமார் 3,200 கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பும் எரிவாயுவும் இலவசமாகத் தரப்பட்டன. மற்றவர்கள் விறகிலேயே சமைத்தார்கள். விறகு வீட்டுப் பெண்கள் சுவாசித்த நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 70 மைக்ரோகிராம் அளவில் இருக்க, கேஸ் வீட்டுப் பெண்களுக்கு அது சுமார் 24 ஆக இறங்கியது.

அடுத்து வந்த முடிவுதான் ஆய்வாளர்களையே யோசிக்க வைத்தது. பிறந்த குழந்தைகளின் எடையிலோ, அவர்களுக்கு வந்த கடும் நிமோனியாவிலோ எதிர்பார்த்த வித்தியாசம் தெரியவில்லை. 2022இலும் 2024இலும் வெளியான இந்த முடிவுகளை "அப்படியானால் விறகே போதும்" என்று படிக்கக்கூடாது. அடுப்பை மட்டும் மாற்றிவிட்டால் உடம்பு உடனே மாறிவிடாது என்றே நான் படிக்கிறேன். அந்த 24கூட உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுச் சராசரிக்கு வைத்திருக்கும் 5 என்ற வரம்பைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு.

கேஸ் தீயும் வெறும் நீல வெளிச்சம் அல்ல. அதிலிருந்து நைட்ரஜன் டைஆக்சைடு வருகிறது. காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வருகிறது. கலிபோர்னியா, கொலராடோ மாநிலங்களில் 87 வீடுகளில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அளந்து 2023இல் வெளியிட்ட முடிவின்படி, தோம்பில் வரும் புரொப்பேன் உட்பட கேஸ் அடுப்புகள் பென்சீனையும் வெளியிடுகின்றன. பென்சீன் இரத்தப் புற்றுநோயோடு தொடர்புடையது. இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து அது வரவில்லை.

இதைக் கேட்டதும் கேஸ் தோம்பைத் தூக்கி வெளியே வைக்க வேண்டாம். கேஸ் அடுப்புள்ள வீட்டுக் குழந்தைகளுக்கு ஆஸ்துமா கூடுதல் என்று சொன்ன ஆய்வுத் தொகுப்பும் 2013இல்தான் வந்தது, பல நாடுகளில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கேட்டு அப்படித் தொடர்பு இல்லை என்று சொன்ன ஆய்வும் அதே ஆண்டில்தான் வந்தது. விறகுக்கு எதிரான சாட்சியம் மலைபோல் நிற்கிறது. கேஸுக்கு எதிரானது இன்னும் வாதத்தில் இருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே ஆஸ்துமா பிள்ளை இருந்தால் அந்த வாதம் முடியும்வரை காத்திருக்காமல் இண்டக்‌ஷன் பக்கம் சாய்வேன். மற்றவர்களுக்கு, 14 கிலோ தோம்பு 26 ரிங்கிட் 60 சென்னுக்கு உதவித்தொகை விலையில் கிடைத்துவரும் நாட்டில், கேஸ் இன்னும் நியாயமான தேர்வுதான்.

வாங்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, தீ அணைந்தால் கேஸ் தானாக நிற்குமா என்பது. அடுப்பில் தீயை ஒட்டி ஊசி போன்ற சிறு உலோகக் குச்சி இருக்கும். பால் பொங்கி வழிந்தோ காற்றடித்தோ தீ அணைந்துவிட்டால், அந்தக் குச்சி ஆறி, வால்வு மூடிக்கொள்ளும். மறதி உள்ள பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இது இல்லாத அடுப்பை, எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

இரண்டாவது, மேல்தட்டு. கண்ணாடித் தட்டு அழகுதான். ஆனால் கேஸ் அடுப்பின் கண்ணாடி திடீரென நொறுங்கிச் சிதறிய கதையை நம் ஊரில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். அகலமான சட்டி வெப்பத்தைக் கீழே திருப்பி அனுப்பும். சூடான கண்ணாடியில் ஈரத் துணி படும். கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று அன்றைக்குப் பார்த்து விரியும். ஐம்பது பேருக்குச் சமைக்கும் அண்டாவை ஏற்றும் பழக்கம் உள்ள வீட்டுக்கு எவர்சில்வர் தட்டுதான்.

மற்றபடி, தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாகி, சட்டியின் அடியில் கரி பிடித்தால் பர்னர் அடைத்திருக்கிறது. ரப்பர் குழாயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். கசிவு இருக்கிறதா என்று பார்க்க சோப்பு நுரை போதும், தீக்குச்சி வேண்டாம். தோம்பு வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகத் தேங்கும். வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தட்டாமல், காற்றாடியைக்கூடப் போடாமல், தோம்பை மூடிவிட்டுக் கதவைத் திறந்து எல்லாரும் வெளியே வர வேண்டும்.

இண்டக்‌ஷன்: சட்டியே அடுப்பு

இண்டக்‌ஷனில் அடுப்பு சூடாவதில்லை, சட்டிதான் சூடாகிறது. கண்ணாடிக்குக் கீழே இருக்கும் செம்புச் சுருள் காந்தப் புலத்தை உண்டாக்கி, இரும்புச் சட்டியின் அடியிலேயே வெப்பத்தை எழுப்புகிறது. புகை இல்லை, தீ இல்லை. கேஸில் எரியும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சட்டிக்குள் போகிறது, மிச்சம் சமைப்பவர் முகத்துக்கு. இண்டக்‌ஷனில் 85 விழுக்காடு வரை சட்டிக்கே போகும். ஏப்ரல் மாதத்துப் பீடோங் வெயிலில் குசினியில் நிற்பவருக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும்.

கடைக்குப் போகும் முன் ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை எடுத்து, வீட்டுச் சட்டிகளின் அடியில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் ஆகும். பித்தளை, அலுமினியம், மண்சட்டி ஆகாது. வார்ப்பிரும்புத் தோசைக்கல் தட்டையாக இருந்தால் நன்றாகவே வேலை செய்யும். அடி உருண்ட குவாலி உட்காராது.

மின்சாரப் பக்கமும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்பு சுமார் 2,000 வாட் இழுக்கும். நம் 13 ஆம்பியர் பிளக்கின் எல்லை ஏறக்குறைய 3,000 வாட். நீட்டுக் கம்பியில் இண்டக்‌ஷனையும் கெத்தேலையும் ரைஸ் குக்கரையும் சேர்த்து மாட்டினால் கம்பி சூடேறும். பழைய தாமான் வீடுகளில் இது விளையாட்டல்ல. சுவர்ப் பிளக்கில் நேராக மாட்டுங்கள், சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மேசையில் பதிக்கும் இரண்டு மூன்று அடுப்புத் தட்டு என்றால், பதிவு பெற்ற மின் பணியாளரைக் கொண்டு தனிக் கம்பி இழுக்க வேண்டும்.

இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், இயங்கும் இண்டக்‌ஷனிலிருந்து நெஞ்சு இரண்டு அடியாவது விலகியிருக்குமாறு நிற்க வேண்டும். குனிந்து கிண்டும்போது அந்த இடைவெளி போய்விடும். வாங்குவதற்கு முன் இதய மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது. ஒட்டாத பூச்சுள்ள சட்டியை வெறுமனே வைத்து முழு வேகத்தில் விட்டால், மிளகாய் நறுக்கி முடிப்பதற்குள் அந்தப் பூச்சு தாங்காத சூட்டைத் தொட்டுவிடும். அந்தப் புகை நல்லதல்ல.

செராமிக் தட்டு

இன்ஃப்ராரெட் என்று விற்கப்படும் செராமிக் அடுப்பில் எந்தச் சட்டியும் ஆகும், அதுதான் அதன் கவர்ச்சி. ஆனால் அணைத்த பிறகும் வெகு நேரம் தட்டு கொதிக்கும், பார்த்தால் தெரியாது. தவழும் குழந்தையும் எட்டிப் பிடிக்கும் குழந்தையும் இருக்கும் வீட்டுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

சம்பல் தாளிக்கும்போது

கடைக்காரர் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. காய்ந்த மிளகாயை எண்ணெயில் போட்டதும் வீடே தும்முகிறதே, அந்தப் புகை கேஸிலும் வரும், இண்டக்‌ஷனிலும் வரும். மிகுந்த சூட்டில் பொரிக்கும்போது எழும் ஆவியையும் அதே புற்றுநோய் முகமை, விறகுப் புகையை வைத்த அதே பட்டியலில்தான் வைத்திருக்கிறது. புகை பிடிக்காத சீனப் பெண்களிடையே நுரையீரல் புற்றுநோய் ஏன் என்று தேடிய ஆய்வுகள் குவாலியில் வந்து நின்றன. நெத்திலி சம்பலும் பிளாச்சானும் பொரிக்கும் நம் குவாலியும் அதற்குத் தூரத்துச் சொந்தம் அல்ல.

அதனால் அடுப்புக்கு முன் சன்னல். தாமான் வீடுகளில் பின்பக்கத்தை இழுத்துக் கட்டிக் குசினியைப் பெரிதாக்கும்போது, முன்பு வெளியே திறந்த நாக்கோ சன்னல் வீட்டுக்குள்ளேயே திறக்கிறது. எண்ணெய்ப் புகை சுற்றிச் சுற்றி வந்து படுக்கையறைத் திரைச்சீலையில் குடியேறுகிறது. புகைபோக்கி வாங்கினால், குழாய் வழியாகச் சுவருக்கு வெளியே தள்ளுவதாக இருக்கட்டும். கரி வடிகட்டி வழியாக அதே காற்றைத் திரும்ப அறைக்குள் விடுகிற வகை பேருக்குத்தான். பொரிப்பதைப் பின்வரிசை அடுப்பில் வைத்தால் புகைபோக்கிக்குள் நன்றாகப் போகும். அடுப்பு, புகைபோக்கி இரண்டுக்கும் சேர்த்துப் பணம் போதாதென்றால், அடுப்பில் மலிவானதை எடுங்கள். சுவரில் துளைபோட்டு மாட்டும் சாதாரணக் காற்றாடியே பாதி வேலையைச் செய்துவிடும்.

நிற்பவர் யார்

சமைப்பவரின் முழங்கைக்குச் சற்றுக் கீழே சட்டியின் விளிம்பு இருக்க வேண்டும். ஏற்கெனவே உயரமான மேசையில் கால் வைத்த கேஸ் அடுப்பு, அதன்மேல் ஆழமான சட்டி என்றால், குள்ளமான அம்மா தோளைத் தூக்கியே கிண்டுவார். இரவு தோள்வலி எண்ணெய் தேடுவார். மேசையில் பதிக்கும் தட்டு இரண்டு மூன்று அங்குலத்தைக் குறைக்கும். முழங்கால் முடியாதவருக்கு, நாற்காலியில் உட்கார்ந்து சமைக்கத் தாழ்ந்த மேசையில் ஓர் ஒற்றை இண்டக்‌ஷன் போதும்.

எந்த அடுப்பானாலும், சுட்டுவிட்டால் முதலில் குழாய்த் தண்ணீர். இருபது நிமிடம், ஓடும் தண்ணீர். பற்பசை, கிச்சாப், மாவு எதுவும் வேண்டாம். கொப்புளம் உள்ளங்கையைவிடப் பெரிதானாலோ, முகத்திலோ கைவிரலிலோ பட்டாலோ உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

எங்கள் வீட்டில் கடைசியில் இரண்டும் வந்தன. எவர்சில்வர் தட்டில் இரண்டு கேஸ் அடுப்பு, சன்னலோரத்துத் தாழ்ந்த மேசையில் ஓர் இண்டக்‌ஷன். அம்மா காலையில் அதில்தான் பசியாறத் தண்ணீர் வைக்கிறார். வைத்துவிட்டு இன்றைக்கும் ஒருமுறை குனிந்து, சட்டிக்கு அடியில் தீ எரிகிறதா என்று பார்க்கிறார்.