இறக்கத்திலும் மிதிக்கணும்... மலை, மழை, ஒற்றைச் சக்கரம்!

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். ஓசூர் மேட்டு நிலம். கிருஷ்ணகிரி அதைவிட ஏறத்தாழ 400 மீட்டர் தாழ்வு. சரிவு வந்தால் வண்டியைச் சும்மா உருட்டவிட்டு பெட்ரோல் மிச்சம் பிடிப்பது, மொபெட் காலத்திலிருந்தே நம்ம ஊர் ஆட்களுக்குக் கைவந்த கலை. சைக்கிள்காரருக்கும் அதே சலுகை உண்டு. காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும், ரோடே இறக்கிவிட்டுவிடும்.

இதே தூரத்தை ஒற்றைச் சக்கர சைக்கிளில் கடந்தால்?

நெடும்பயணத்துக்கென்றே இருக்கும் பெரிய ஒற்றைச் சக்கரத்தின் விட்டம் 36 அங்குலம். பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி 2.87 மீட்டர் நகரும். கிருஷ்ணகிரி போய்ச் சேர சுமார் 17,400 சுற்றுகள். அதில் ஒரு சுற்றுகூட இலவசம் கிடையாது. ஏற்றமோ, இறக்கமோ, சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். பெடலோடு காலும் சுற்றியே ஆகவேண்டும். சாதாரண சைக்கிளில் பின்சக்கரத்தில் இருக்கும் ஃப்ரீவீல் இதில் இல்லை. செயினும் இல்லை. பெடல் நேராகச் சக்கரத்தின் அச்சிலேயே மாட்டியிருக்கும்.

1980-இல் டி.வி.எஸ் 50 மொபெட்டைத் தந்து, இன்று மின்சார ஸ்கூட்டர் வரை தயாரித்துக் கொடுக்கும் வட்டாரம் இது. இங்கே இருப்பவர்களுக்கு இந்த இயந்திரத்தைப் பார்த்தால் முதலில் சிரிப்புதான் வரும். சர்க்கஸ் கூடாரத்தில் ஐந்து நிமிடம் பார்த்துக் கைதட்டியதோடு சரி. ஆனால், இதை எடுத்துக்கொண்டு கூட்டமாக மலையேறுகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள்.

கூடாரத்திலிருந்து மலைக்கு...

அலாஸ்காவின் சீவர்ட் என்ற சிற்றூரில் ஜார்ஜ் பெக் என்பவர் 1980-களில் ஒற்றைச் சக்கரத்தில் கரடுமுரடான பாதைகளில் ஓட்டிப் பழகினார். அவருக்குப் பின் இதைப் பெரிதாக்கியவர் கனடாவின் கிரிஸ் ஹோம். தெருவில் ஒருவர் ஒற்றைச் சக்கரத்தில் உட்கார்ந்து வயலின் வாசிப்பதைப் பார்த்து, 12 வயதில் ஆசைப்பட்டுத் தொடங்கியவர். தொழில்முறையில் இவர் புவியியல் வல்லுநர். நிலச்சரிவு போன்ற மலை ஆபத்துகளை ஆராய்வதுதான் வேலை!

இவரும் நேதன் ஹூவரும் ஒற்றைச் சக்கரங்களோடு பூடானின் மலைப்பாதைகளுக்குப் போனார்கள். அந்தப் பயணம் 'இன்டூ த தண்டர் டிராகன்' என்ற ஆவணப்படமாக 2002-இல் வந்தது. மெக்ஸிகோவின் 5,636 மீட்டர் உயர எரிமலையான பிக்கோ தெ ஒரிசாபாவிலும் ஹோம் சக்கரம் உருட்டியிருக்கிறார். தமிழ்நாட்டின் உச்சியான தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதுபோல இரண்டு தொட்டபெட்டாவுக்கும் மேலே!

2008 ஜூனில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 'ரைடு த லாப்ஸ்டர்' என்று ஒரு போட்டி நடந்தது. ஐந்து நாள், 800 கிலோமீட்டர், முழுக்க முழுக்க ஒற்றைச் சக்கரம். ஓர் அணிக்கு மூன்று பேர், ஒருவர் களைத்தால் அடுத்தவர். இங்கிலாந்து இளைஞர் எட் பிராட் இதற்கு நேரெதிர். 2015-இல் 19 வயதில் தனியாகக் கிளம்பி, 2018 ஜூலையில் உலகைச் சுற்றிவிட்டு வீடு திரும்பினார். பின்னால் உதவி வண்டி எதுவும் கிடையாது. அவரையும் மலைக் குளிர் விட்டுவைக்கவில்லை. கிர்கிஸ்தானில் குளிர்காலம் முடியும் வரை மாதக்கணக்கில் தங்கவேண்டி வந்தது.

ஏற்றம் பரவாயில்லை!

மலை என்றதும் ஏற்றம்தான் கஷ்டம் என்று தோன்றும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், தொடை எரியும், அவ்வளவுதான். வேகம் குறைவு என்பதால் விழுந்தாலும் காலூன்றி நின்றுவிடலாம். மழையில் பயப்படவேண்டியது இறக்கத்துக்குத்தான்.

சரிவில் சக்கரம் தானாக வேகமெடுக்கும். அதற்கு ஈடாகக் கால் சுற்றவேண்டும். கால் பின்தங்கினால் ஆள் முன்னால் போய் விழுவார். இதைத் தடுக்க, இறங்கும்போது கால் பெடலைப் பின்னோக்கி அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும். பிரேக் உண்டு. ஆனால், 'வெடுக்'கென்று பிடித்தால் சக்கரம் நின்றுவிடும், ஆள் நிற்கமாட்டார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிடிக்கவேண்டும். மழையில் கை விறைத்துப்போனால் அந்த 'கொஞ்சம்' கைக்குத் தெரியாது.

ஈர ரோட்டில் வழுக்கும் இடங்களை டூவீலர்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளைக் கோடு, பாலத்தின் இரும்பு இணைப்பு, லாரி சிந்திய டீசல். இரண்டு சக்கரத்தில் ஒன்று வழுக்கினாலும் மற்றது கொஞ்சம் தாங்கும். இங்கே இருப்பதே ஒன்று. முதுகில் பை இருந்தால், பக்கவாட்டுக் காற்று ஆளையே பாய்மரமாக்கிவிடும்.

விழுவதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் 'திட்டமிடாத இறக்கம்'. கௌரவமான பெயர்! விழுந்தபின் மறுபடி ஏறுவது அதைவிடப் பெரிய வேலை. சரிவில், காற்றில், ஈர சீட்டில் தாவி உட்காரவேண்டும். இந்த இடத்தில்தான் கூட்டத்தின் அருமை தெரியும். பிடித்துக்கொள்ள ஒரு தோள் கிடைத்தால் போதும்.

கூட்டத்திலும் ஒரு சிக்கல் உண்டு. பின்தங்கியவர் இறக்கத்தில் உருட்டிவிட்டு முன்னால் போனவரைப் பிடிக்க முடியாது. கால் சுற்றும் வேகம்தான் வண்டியின் வேகம். சுவிட்சர்லாந்தின் ஃப்ளோரியன் ஷ்லும்ஃப் உருவாக்கிய கியர் அச்சு இருந்தால், குதிகாலால் ஒரு பட்டனைத் தட்டி ஒன்றரை மடங்கு வேகம் எடுக்கலாம். ஈர இறக்கத்தில் அதைத் தொடாமல் இருப்பதே உத்தமம். ஆகவே கூட்டம் நீண்டுகொண்டே போகும். முதலில் உச்சிக்குப் போனவர், கடைசி ஆள் வரும் வரை வியர்வையும் மழையுமாக நனைந்த சட்டையோடு காற்றில் நிற்பார். மிதிக்கும்போது தெரியாத குளிர், நின்ற பத்து நிமிடத்தில் உடம்புக்குள் இறங்கும். காத்திருப்பது நல்ல பண்புதான். உச்சியில் காத்திருக்காமல், காற்று மறையும் திருப்பத்திலோ டீக்கடை ஓரத்திலோ நிற்பது என்று கிளம்பும்போதே பேசிவைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

அஞ்செட்டி பக்கம் என்றால்...

இந்த வட்டாரத்தில் மலைப்பாதை என்றால் ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஒகேனக்கல் வழிதான். மேட்டிலிருந்து காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்கும் ரோடு. தேசிய நெடுஞ்சாலையின் கன்டெய்னர் லாரிக் காற்றோடு ஒப்பிட்டால், ஒற்றைச் சக்கரத்துக்கு ஏற்ற பாதை என்றே தோன்றும். இரண்டு சக்கரக்காரர்களுக்கும் விடுமுறை நாளில் பிடித்த பாதை இது.

இங்கே மோசமான வானிலை என்றால் அக்டோபர் தொடங்கி வடகிழக்குப் பருவமழை, அதன்பின் விடியற்காலைப் பனிமூட்டம். அதே மாதங்களில்தான் ராகி கதிர் முற்றும். பன்னேர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி, நொகனூர், சானமாவு காடுகளுக்கு யானைகள் கூட்டம் கூட்டமாக வருவதும் அப்போதுதான். இரவில் வயலுக்கு இறங்கும் யானை, வெளிச்சம் வரும் நேரத்தில் ரோட்டைக் கடந்து காட்டுக்குத் திரும்பும். பனிமூட்டத்தில் அது ரோட்டில் நிற்பது, பக்கத்தில் போகும் வரை தெரியாது.

பைக் என்றால் திருப்பி விரட்டலாம். ஒற்றைச் சக்கரத்தில் நல்ல சாலையில் நன்றாக மிதித்தாலே மணிக்கு 20 கிலோமீட்டர் பக்கம்தான். யானை ஓட்டம் அதைவிட வேகம். அதனால் இங்கே விடியலிலும் அந்தியிலும் காட்டு ரோட்டில் வண்டியே எடுக்கக்கூடாது. பனி விலகி, பஸ் போக்குவரத்து தொடங்கிய பிறகுதான் கிளம்பவேண்டும். அப்போதும் முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று அனுபவசாலிகள் இருப்பது அவசியம். கடைசி ஆளின் வேலை, எல்லோருக்காகவும் பின்பக்கம் பார்த்துக்கொள்வது. ஒற்றைச் சக்கரத்தில் கழுத்தைத் திருப்பினால் சக்கரமும் கூடவே திரும்பப் பார்க்கும்.