சிற்றாற்றில் சால்மன் ஏறுமா?

ஸ்காட்லாந்தில் சால்மன் பிடிக்கப் போகிறவர்கள் தூண்டிலைத் தொடும் முன்பே ஆற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். டே ஆறா, ஸ்பே ஆறா? மேலே மழை உண்டா? வெள்ளம் ஏறுகிறதா, வடிகிறதா? கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் மீன் அது. நீர் உயரும்போது மேலே ஏறும். வெள்ளம் வடியத் தொடங்கும் வேளைதான் தூண்டில்காரருக்கு யோகம். இதில் வேடிக்கை என்னவென்றால், ஆற்றுக்குள் வந்ததும் சால்மன் இரை எடுப்பதையே ஏறத்தாழ நிறுத்திவிடும். பிறகு ஏன் இறகும் நூலும் கட்டிய பொய்ப்பூச்சியைக் கவ்வுகிறது? கோபமா, பழைய பழக்கமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

சாரல் காலத்தில் குற்றாலத்துப் பாலத்தில் நின்று சிற்றாற்றைப் பார்த்தால், இந்த ஆறு போதாதா என்று தோன்றும். குளிர்ந்த நீர், பாறை, நுரை எல்லாம் இருக்கிறது. கடலுக்கு வழியும் இருக்கிறது: தென்காசியைத் தாண்டி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்து, புன்னக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது.

ஆனால் சால்மன் சீவலப்பேரி வரைகூட வந்து சேராது. 10 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும்; 30 டிகிரியில் ஏழரைதான். நீர் சூடாகும்போது மீனின் உடலோ அதிக ஆக்சிஜன் கேட்கும். வரவு குறைந்து செலவு கூடுகிற கணக்கு இது. நீர் 20 டிகிரியைத் தாண்டினால் பல சால்மன் ஆறுகளில் தூண்டில் போடுவதையே நிறுத்திவைக்கிறார்கள். சால்மனின் உறவான டிரவுட்டை வளர்க்க நினைத்த வெள்ளைக்காரர்கள் சமவெளியை விட்டு நீலகிரியின் அவலாஞ்சிக்கு ஏறியதும் இந்தக் குளிருக்காகத்தான்.

எப்படியோ வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கைதேர்ந்த சால்மன் ஒரே தாவலில் மூன்றரை மீட்டர் வரை எகிறும். குற்றாலத்துப் பேரருவியோ சுமார் 60 மீட்டர்.

அருவியடி ஓடைகளில் காலை வைத்தால் வந்து கடிக்கும் சிறு மீன்களைக் கவனித்திருப்பீர்கள். மலையோடைகளில் வாழும் கர்ரா இனத்து மீன் ஒன்றைப் புரட்டிப் பார்த்தால், வாய்க்குக் கீழே வட்டமான தசைத்தட்டு ஒன்று தெரியும். கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் கிண்ணம் மாதிரி அது பாறையைப் பற்றிக்கொள்கிறது. வயிறு தட்டை, துடுப்புகள் பக்கவாட்டில் விரிந்தவை. பாறையை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தில் ஓட்டம் மிகவும் தணிந்திருக்கும். அந்த இடுக்கில்தான் இதன் குடித்தனம். ஹவாய்த் தீவுகளில் வேறொரு வகைச் சிறு மீன், வாயையும் வயிற்றையும் மாறிமாறி ஒட்டிக்கொண்டு 100 மீட்டருக்கு மேற்பட்ட அருவியையே ஏறிவிடுகிறது. தாவுவதைவிட ஒட்டுவது மேல் என்பேன்.

சால்மனின் பயணத்தைத் தலைகீழாகச் செய்யும் மீன் ஒன்றும் நம் ஆற்றில் உண்டு: விலாங்கு. கடலில் பிறந்து, குஞ்சாக ஆற்றுக்குள் நுழைந்து, ஆண்டுக்கணக்கில் இங்கே வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே போய் அங்கேயே முடிந்துபோகும். ஈரம் கசியும் கல்சுவர் கிடைத்தால் குஞ்சுகள் அதில்கூட ஊர்ந்து ஏறும். தாமிரபரணியின் குறுக்கே கற்கட்டு அணைகள் வரிசையாக நிற்கும்போது அந்தத் திறமை சும்மா இல்லை.

தூண்டில் ஆசை விடாதவர்களுக்கு மஹ்சீர் இருக்கிறது. கெண்டைக் குடும்பத்துப் பெரிய மீன். வெள்ளத்தில் மேலேறிக் கூழாங்கல் படுகையில் முட்டையிடும். சென்னை மாகாண அதிகாரி ஹெச்.எஸ். தாமஸ் 1873-இல் வெளியிட்ட ‘தி ராட் இன் இந்தியா’ நூலில், அளவுக்கு அளவு சால்மனைவிட மஹ்சீரே அதிகம் போராடும் என்று வாதாடியிருக்கிறார். மஹ்சீரைப் பார்க்க நான் சொல்லும் இடம் பாபநாசம் கோயில் படித்துறை. அங்கே மீன் பிடிக்க யாரும் விடமாட்டார்கள். கையில் பொரி இருந்தால் போதும், பெரிய பெரிய மீன்கள் காலடிக்கே வந்து முட்டிமோதும்.