உணவுப் படம் எடுக்கும் தொழில்: கடனின்றித் தொடங்குவோம்

2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளால் மலையகத்தில் பல குடும்பங்கள் வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் இழந்தன. மறுபடி நிலம் கிடைக்கும்வரை நம் பிள்ளைகள் பழகக்கூடிய தொழில்களில் ஒன்று, உணவகங்களுக்குப் படம் எடுத்துக் கொடுப்பது. விலைப்பட்டியலுக்கும், பிக்மீ, ஊபர் ஈட்ஸ் போன்ற சேவைகள் வழியாக விற்பதற்கும் கடைக்காரர்களுக்குப் படங்கள் தேவை.

இதற்காக நகையை அடகு வைத்து கெமரா வாங்க வேண்டாம் என்பதே நமது முதல் ஆலோசனை. தொடக்கத்துக்கு வீட்டிலுள்ள கைத்தொலைபேசி போதும். முக்கியமானது வெளிச்சம். இலங்கையில் மிக அதிக மழை பெறும் இடங்களில் வட்டவளையும் ஒன்று. மேகம் வெயிலைப் பரப்பி மென்மையாக்குவதால் உணவின்மேல் கறுத்த நிழல் விழாது. படம் எடுக்க அது நல்ல வெளிச்சம்.

தட்டை ஜன்னலோரம் வைத்து, பக்கத்திலிருந்து வெளிச்சம் விழச் செய்யுங்கள். மின்விளக்கை அணைத்துவிடுங்கள், இருவகை வெளிச்சம் கலந்தால் உணவின் நிறம் மாறித் தெரியும். எதிர்ப்பக்கத்தில் வெள்ளை அட்டையை நிறுத்தினால் நிழல் குறையும். சோறு கறிகளை நேர் மேலிருந்தும், குவித்த கொத்துரொட்டியைப் பக்கவாட்டிலிருந்தும் எடுக்கலாம். ஆறிய கறி பொலிவிழக்கும். ஆகவே எல்லாவற்றையும் ஒழுங்குசெய்த பின்னரே உணவைக் கொண்டுவரச் சொல்லுங்கள். தட்டின் விளிம்பைத் துடையுங்கள். கடையில் பரிமாறும் அளவையே காட்டுங்கள்; கூட்டிக் காட்டினால் கடையின் பெயர்தான் கெடும்.

முதலில் வீட்டு ரொட்டியையும் சம்பலையும் எடுத்துப் பழகுவோம். நல்ல படங்கள் ஐந்தாறு சேர்ந்ததும் ஹட்டன் கடைகளுக்குக் கொண்டுபோய்க் காட்டலாம். எத்தனை படம், என்ன கூலி, எந்த நாளில் பணம் என்பதை வேலைக்கு முன்பே எழுதி வாங்குங்கள்.