உங்களுக்குத் தெரியுமா? சூடானால் படுத்துக்கொள்ளும் கார்

நெடுஞ்சாலையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார் திடீரென்று நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். பெட்ரோல் பம்ப்பைக் கழற்றுவதற்கு முன் கிராங்க் சென்சாரைச் சந்தேகப்படுங்கள்.

பல இன்ஜின்களில் கிராங்க் ஷாஃப்டோடு சுழலும் பல்சக்கரத்தில் 60 பல்லுக்கு இடம் உண்டு, இருப்பதோ 58தான். பல்லுக்குப் பல் 6 டிகிரி. இந்தப் பற்கள் கடப்பதைக் கிராங்க் சென்சார் சிக்னலாக அனுப்புகிறது. வேண்டுமென்றே விட்ட அந்த இரண்டு பல் இடைவெளியை வைத்துத்தான் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று இன்ஜினின் கணினியான இசியூ கணக்குப் போடுகிறது. சிக்னல் அறுந்தால் பெரும்பாலான கார்களில் ஸ்பார்க்கும் இல்லை, பெட்ரோலும் இல்லை.

ஒரு சின்னத் துப்பு: ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். பல கார்களில் லேசாகத் துள்ளும். அசையாமல் கிடந்தால் சந்தேகம் வலுக்கிறது.

ஸ்கேனரில் பி0335 என்ற பிழைக் குறியீடு வந்ததுமே சென்சாரை மாற்றிவிடுவது அவசரக்காரர் வேலை. அந்தக் குறியீடு சொல்வது சர்க்யூட்டில் கோளாறு என்பதை மட்டும்தான். உரசி நைந்த வயரோ கனெக்டரில் புகுந்த எண்ணெயோகூடக் காரணமாக இருக்கலாம். காந்தம் உள்ள சென்சாரின் முனையில் இரும்புத்தூள் மீசைபோல ஒட்டியிருக்கவும் கூடும். சில வண்டிகள் அதைத் துடைத்தாலே சரியாகிவிடும்.

காயில் வகை சென்சாருக்கு மல்டிமீட்டரில் ஓம் பார்க்கலாம். ஹால் வகைக்கு அது உதவாது, சென்சாரே கெடவும் கூடும், ஆசிலோஸ்கோப்தான் சரி. எந்த வகையானாலும் ஆறிய இன்ஜினில் சோதித்தால் எல்லாம் சரியாகவே காட்டக்கூடும். சூட்டோடு பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.